ஓட்டம் எவ்வளவு வரும்?

கேம்ப் ரோட்டில் தனசிங் பழைய கார் விற்கிற இடத்தில், தகரக் கொட்டகைக்குக் கீழே இரண்டு சின்ன வண்டிகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. வெள்ளை வண்டி பெட்ரோல். சாம்பல் நிற வண்டி டீசல். இரண்டும் ஒரே வருஷத்து வண்டி, உள்ளே சீட்டுத் துணிகூட ஒரே மாதிரி. அயூப் பாய் இரண்டையும் மூன்று தடவை சுற்றி வந்துவிட்டார். அவர் மனைவி ஷரீஃபா டேபிள் ஃபேனுக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், இடது கையைத் துப்பட்டாவால் மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எத எடுக்கிறதுன்னு மண்டைய ஒடச்சிக்காதீங்க பாய்," என்றார் தனசிங். "நான் ஒரு கேள்வி கேப்பேன். அதுக்குப் பதில் சொன்னா வண்டி தானா வந்து முன்னாடி நிக்கும். ஓட்டம் எவ்ளோ வரும்?"

பழைய கார் விற்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்கிற கேள்விதான் அது. வண்டி ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைத்தான் ஓட்டம் என்பார்கள்.

"நாப்பது கிலோமீட்டருக்கு உள்ளன்னா பெட்ரோலு. மேலன்னா டீசலு. டீசல் வண்டி வெல ஜாஸ்தி, சர்வீஸும் ஜாஸ்தி. ஆனா ஓட ஓட அது போட்டதத் திருப்பிக் குடுத்துடும். ஓட்டாம நிறுத்தி வச்சா வீணாப் போயிடும். இப்ப சொல்லுங்க."

அயூப் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து கோவிலம்பாக்கம், போக வர இருபத்தாறு கிலோமீட்டர், அதுவும் வாரத்தில் மூன்று நாள். இதைச் சொல்லியிருந்தால் தனசிங் வெள்ளை வண்டியின் சாவியைக் கையில் கொடுத்திருப்பார். ஆனால் வாயில் வந்தது வேறு.

"சிறுசேரிக்குண்ணா. வேலைக்குத் தெனமும் போய் வரணும். அறுபது வரும்."

"அப்ப பேச்சே இல்ல. கண்ண மூடிக்கினு டீசல எடுங்க." தனசிங் சாம்பல் வண்டியின் தலையில் தட்டினார். பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல, "இன்னொண்ணு கேட்டுடறேன் பாய், பின்னாடி என்னத் திட்டக்கூடாது. ரெண்டு வருஷத்துல குடுத்துடுவீங்கன்னா டீசல் எடுக்காதீங்க. நஷ்டம். வச்சிருந்து ஓட்டறவங்களுக்குத்தான் அது. எத்தினி வருஷம் வச்சிப்பீங்க?"

ஃபேன் தலையைத் திருப்பி ஷரீஃபாவின் துப்பட்டாவைத் தூக்கியது. அவள் அதை இழுத்துவிட்டுக்கொண்டே நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள்.

"பத்து வருஷம்," என்றார் அயூப்.

அவருக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. பொய் சொல்லிப் பிழைத்த மனிதர் இல்லை. தாம்பரத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் ஒரு லிஃப்ட் மேஸ்திரிக்கு ஸ்பேனர் பெட்டி தூக்கிக்கொண்டு போனவர், வேலையைக் கண்ணால் பார்த்தே கற்றுக்கொண்டு, இப்போது சிறுசேரியில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியின் கட்டடங்களில் பதினான்கு லிஃப்டுகளைக் கவனித்துக்கொள்கிறார். வேலைக்குப் போக அவருக்குக் கார் வேண்டியதே இல்லை. கம்பெனி வேன் கேம்ப் ரோடு முனையில் ஏற்றிக்கொண்டு, அதே முனையில் கொண்டுவந்து இறக்கிவிடும்.

அவர் வழக்கமாகச் சொல்லும் பொய் என்று ஒன்று உண்டென்றால் அது அந்த வேலையோடு வந்தது. லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், அயூப் முதலில் கதவு இடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, இன்னும் ரெண்டே நிமிஷம்" என்பார். அரை மணி ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் ரெண்டு நிமிஷம்தான். அது தீர்ந்ததும் மறுபடியும் ரெண்டு நிமிஷம். உள்ளே அழுதுகொண்டிருக்கிறவர்களுக்கு மூச்சு சீராவதற்கு அந்த ஒரு சொல் போதும் என்பது அவருடைய முப்பத்தைந்து வருஷத்து நம்பிக்கை.

வீட்டிலும் அது பழகிப்போயிருந்தது. "ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்று அவர் போனில் சொன்னால் ஷரீஃபா விடமாட்டாள். "மனுஷன் ரெண்டு நிமிஷமா, லிஃப்ட் ரெண்டு நிமிஷமா? அதச் சொல்லுங்க, அப்பத்தான் நான் தோசக் கல்ல அடுப்புல வைப்பேன்" என்பாள். மகள் ஆஃபியா கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு அவளும் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் நம்ப முடியாத நேரத்துக்கெல்லாம் பெயர் லிஃப்ட் நேரம்.

ஷரீஃபாவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. அது சத்தமில்லாமல் இரண்டு சிறுநீரகங்களையும் தின்றுவிட்டது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் கோவிலம்பாக்கத்தில் டயாலிசிஸ். காலையில் நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்து வெளியே வரும்போது, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பாள். ஒன்றரை வருஷம் ஆட்டோவில்தான் போய் வந்தார்கள். மேடவாக்கம் பக்கம் மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். ஒரு நாள் ஆட்டோவிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அந்த ஆட்டோக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, தண்ணீர்கூடக் கொடுத்தார். அடுத்த தடவை கூப்பிட்டபோதுதான் போனை எடுக்கவில்லை.

"அத்தா, சின்னதா ஒரு கார் வாங்கிடலாம். அம்மா சீட்டச் சாச்சுப் படுத்துக்கினு வரட்டும்," என்று ஆஃபியாதான் சொன்னாள். அயூப் சேமநிதிப் பணத்தில் ஒரு பங்கை எடுத்தார். வேன் ஓட்டின பழக்கம் அவருக்கு முன்பே உண்டு. வேலையையும் அந்த மூன்று நாளும் மத்தியான ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டார்.

தனசிங்கைப் பார்க்கப் போவதற்கு இரண்டு வாரம் முன்னால், டயாலிசிஸ் நடந்துகொண்டிருக்கும்போது டாக்டர் அவரை வராந்தாவுக்குத் தனியாகக் கூப்பிட்டார். ஷரீஃபாவின் இதயம் பாதிதான் வேலை செய்கிறது, மாற்றுச் சிறுநீரக ஆபரேஷனை அவள் தாங்கமாட்டாள், பதிவு செய்து பயனில்லை என்றார்.

"எவ்ளோ நாளு சார்?" என்று கேட்டார் அயூப்.

"ஒரு வருஷம். நல்லா பாத்துக்கிட்டா ரெண்டு."

அயூப் வராந்தாக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு உள்ளே போனார். படுத்தபடியே அவள், "இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். "லிஸ்டுல உன் பேரக் குடுத்தாச்சு. கிட்னி வந்ததும் கூப்புடுவாங்களாம்," என்று சொன்னார். அல்லாஹ் மன்னிப்பவன், என் நிலைமை அவனுக்குத் தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

எனவே தனசிங் கேட்ட இரண்டு கேள்விக்கும் சரியான பதில் வெள்ளை வண்டிதான். ஓட்டமும் குறைவு, வருஷமும் குறைவு. ஆனால் அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, "பெட்ரோல் வண்டியே போதும்ணா, ரெண்டு வருஷத்துக்கு மேல தேவப்படாது" என்று எந்த வாயால் சொல்வது? பத்து வருஷம் என்று சொன்னார். சாம்பல் வண்டி வீட்டுக்கு வந்தது.

*

முதல் நாள் சாவியைத் திருகியதும் ஷரீஃபா காதைப் பொத்திக்கொண்டாள். "இன்னா சத்தங்க இது! மாவு மிஷின் மாதிரி கீது. தெருவுல அரிசியத் தூக்கிக்கினு வந்துடப் போறாங்க."

"டீசல்னா அப்படித்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்."

பழகிவிட்டது. திரும்பி வரும்போது சீட்டை முழுக்கச் சாய்த்து, அந்தத் தடதடப்பிலேயே தூங்கிப்போவாள். மேடவாக்கம் கூட்டு ரோடு, வேங்கைவாசல், செம்பாக்கம் எல்லாம் அவளுக்குத் தெரியாமலேயே கடந்துபோகும். விசேஷம் என்னவென்றால், வீட்டு வாசலில் அயூப் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திய அந்த நொடியில் விழித்துக்கொள்வாள். தொட்டு எழுப்ப வேண்டியதில்லை. "வந்துட்டமா?" என்பாள். சத்தம் இருக்கும்வரை தூக்கம், சத்தம் நின்றால் விழிப்பு.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மேடவாக்கம் பங்கில் எரிபொருள் நிரப்புவார்கள். அங்கே கிளியம்மாள் என்று ஒரு அம்மா வேலை பார்த்தாள். நம் ஊரில் எல்லாருக்கும் இருக்கிற பழக்கம் அயூப்புக்கும் உண்டு. லாரியோ, டிராக்டரோ, எந்த வண்டியாக இருந்தாலும் நாம் போவது பெட்ரோல் பங்க்குக்கு, போடுவது பெட்ரோல். முப்பது வருஷம் ஸ்கூட்டர் ஓட்டிய நாக்கு அவருடையது. கண்ணாடியை இறக்கி, "ஆயிரத்துக்குப் பெட்ரோல் போடும்மா" என்பார்.

"டீசல் வண்டிக்குப் பெட்ரோல் கேக்கற ஒரே பாய் நீங்கதான்," என்று சிரித்துக்கொண்டே கிளியம்மாள் டீசல் குழாயைத்தான் எடுப்பாள். "அக்கா, நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"சொன்னா கேக்கற ஆளா? எதுலயும் ஒண்ணச் சொல்லுவாரு, ஒண்ண நெனப்பாரு," என்பாள் ஷரீஃபா. அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அயூப்புக்கு மட்டும் சுருக்கென்றது.

ஷரீஃபாவுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கோவளம் தர்காவுக்குப் போய் ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் பஸ்ஸில் போய் வந்த இடம் அது. வியாழக்கிழமை டயாலிசிஸ் இல்லை, அன்றைக்குப் போகலாம் என்பார் அயூப். வியாழக்கிழமை வந்தால் அவளுக்குக் கால் வீங்கியிருக்கும், அல்லது மழையாக இருக்கும். "அடுத்த வியாழன்," என்பார். "லிஃப்ட் வியாழனா?" என்பாள் அவள்.

ஜனவரியில், மழையெல்லாம் ஓய்ந்து வெயில் இதமாக அடித்த ஒரு வியாழக்கிழமை, ஷரீஃபா காலையிலேயே குளித்து, பச்சைப் புடவை கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அயூப் லீவு போட்டார். ஆஃபியா தண்ணீரை அளந்து ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு அவ்வளவுதான் தண்ணீர்.

சோழிங்கநல்லூர் தாண்டிப் பழைய மகாபலிபுரம் ரோட்டில் போனார்கள். சிறுசேரி வந்ததும் அயூப் உள்ளே திருப்பி, தான் வேலை பார்க்கிற கட்டடங்களைத் தெருவிலிருந்தே காட்டினார். "அதோ கண்ணாடியா மின்னுது பாரு, அதுல ஆறு லிஃப்டும் நம்மளுது."

ஷரீஃபா குனிந்து உச்சி வரை பார்த்தாள். பிறகு சொன்னாள்: "தனசிங் அண்ணன்கிட்ட சொன்னது இன்னிக்கு ஒரு நாளாவது உண்மையாச்சு. வண்டி சிறுசேரிக்கு வந்துடுச்சு."

அயூப் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வண்டியைத் திருப்பினார்.

அந்தச் சந்தோஷத்திலும் அந்தக் குழப்பத்திலும்தான் அந்தத் தப்பு நடந்தது. பக்கத்தில் இருந்த ஒரு பங்கில் வண்டியை விட்டார். முன்பின் போகாத பங்க். டேங்க் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த 'டீசல்' ஸ்டிக்கர் மழையில் எப்போதோ உரிந்துபோயிருந்தது. "ஆயிரத்துக்குப் பெட்ரோல் போடுப்பா," என்றார். அங்கே கிளியம்மாள் இல்லை. நின்றவர் சொன்னதைச் செய்தார்.

*

கேளம்பாக்கத்தில் இடது பக்கம் திரும்பிக் கோவளம் ரோட்டைப் பிடித்தபோது வண்டி ஒரு தடவை குலுங்கியது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பங்கழி, தண்ணீருக்கு மேலே உப்புக் காற்று. "கடல் வாசன வருதுங்க," என்று ஷரீஃபா கண்ணாடியை இறக்கினாள். வண்டி மறுபடியும் குலுங்கியது, பின்னால் வெள்ளையாகப் புகை வந்தது, அப்புறம் தடதடப்பு விக்கி விக்கி ஓய்ந்தது. அயூப் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினார். இரண்டு தடவை சாவியைத் திருகினார். மசியவில்லை. தனசிங்குக்குப் போன் போட்டார்.

"இன்னா பாய், வண்டி இன்னா சொல்லுது?"

"நின்னுடுச்சுண்ணா. நல்லாத்தான் வந்துகினு இருந்துச்சு. சிறுசேரியாண்ட பெட்ரோல் போட்டேன், அப்புறம்..."

தனசிங் இடைமறித்தார்.

"பாய். இன்னா போட்டீங்கன்னு சொன்னீங்க?"

அயூப் டேங்க் மூடியைத் திரும்பிப் பார்த்தார்.

"சாவியத் தொடாதீங்க!" தனசிங்கின் குரல் ஷரீஃபாவுக்கே கேட்டது. "இன்னொரு தபா திருகினா பம்பே போயிடும். டீசல்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா பாய்?"

"பேச்சு வழக்குல வந்துடுச்சுண்ணா."

"பேச்சு வழக்கு எஞ்சினுக்குத் தெரியுமா? அங்கயே இருங்க. இழுத்துக்கினு வர டோயிங் வண்டி அனுப்பறேன். தாம்பரத்துலேர்ந்து வரணும், ஒண்ணர மணி நேரம் ஆவும்."

கோவளத்துக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. ஒரு பஸ் போயிற்று. அதன் படி உயரம், அவளால் ஏற முடியாது. ஆட்டோவுக்குக் கை காட்டிப் பார்த்தார், எல்லாம் ஆள் நிறைந்து போயின. திரும்பி வந்து காருக்குள் உட்கார்ந்தார்.

"எவ்ளோ நேரமாம்?" என்று கேட்டாள் ஷரீஃபா.

"இதோ, இன்னும் ரெண்டே..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்குப் பத்து வருஷம்னு சொன்னீங்களே," என்றாள். "அதுவும் லிஃப்ட் பத்து வருஷம்தானே?"

அயூப் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

"ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர்னு நீங்க சொன்னப்பவே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்கயும் பொய் சொல்லாத மனுஷன், கார் விக்கிறவருகிட்ட போய் எதுக்குப் பொய் சொல்றாருன்னு. அப்புறம் வூட்டுக்கு வந்து யோசிச்சேன். லிஸ்டுல என் பேர் இல்லதானே?"

"ஷரீஃபா..."

"நிஜமா சொல்லுங்க."

உப்பங்கழியில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. அயூப் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இல்ல. ஆபரேஷன நீ தாங்க மாட்டன்னுட்டாரு. ஒரு வருஷம்னாரு. நல்லா பாத்துக்கினா ரெண்டு."

"எப்ப சொன்னாரு?"

"வண்டி எடுக்கறதுக்கு முன்ன."

அவள் விரலை மடக்கி மாசத்தை எண்ணிப் பார்த்தாள். வண்டி பக்ரீத் கழிந்து வாங்கியது. ஏழாவது மாசம். "பெட்ரோல் வண்டியே போதுமா இருந்திருக்கும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அரிசி இருக்க மாவு வாங்கிவந்த கணவனிடம் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

அதைக் கேட்டுத்தான் அயூப் உடைந்தார். நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு, ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதார். அவள் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கையை அவர் முதுகின் மேல் வைத்தாள். அந்தக் கையால் அவள் எதையும் செய்யக் கூடாது, பாரம் வைக்கக் கூடாது. அவர் அசையாமல் இருந்தார்.

"மாட்டிக்கினு உள்ள இருக்கறவங்களுக்கு ரெண்டு நிமிஷம் இல்லன்னு தெரியாதுன்னா நெனைக்கிறீங்க? தெரியுங்க," என்றாள். "வெளியில ஆளு நிக்குதுன்னு தெரிஞ்சா போதும் அவங்களுக்கு. கணக்கு எதுக்கு?"

டோயிங் வண்டி வரும்வரை அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் வீட்டுப் பேச்சு. ஆஃபியாவைப் படிப்பு முடியாமல் கட்டிக்கொடுக்கக் கூடாது, யார் வந்து கேட்டாலும் சரி. தன் புடவைகளில் எது யாருக்கு. பக்கத்து வீட்டுக் கனகவல்லியிடம் வாங்கி வைத்திருக்கிற பெரிய இட்லிப் பானையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நீங்கள் ராத்திரி மாத்திரையை மறக்கக் கூடாது. ஏழு மாசமாக அவர் தனியாக வாயை மூடிக்கொண்டிருந்ததில், இந்தப் பேச்சுக்கெல்லாம் இடமில்லாமலே இருந்தது. இடையில் அவள், "தர்கா எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அயூப் கிழக்கே கை காட்டினார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் ஏந்தி ஃபாத்திஹா ஓதினாள். என்ன கேட்டாள் என்று அவர் கேட்கவில்லை.

டோயிங் வண்டியின் முன்சீட்டு ஆள் உயரம். அயூப்பும் அந்த டிரைவருமாக அவளைத் தூக்கித்தான் உட்கார வைத்தார்கள். கடல் வாசனை கேளம்பாக்கம் வரைக்கும் கூடவே வந்தது.

*

அதற்குப் பிறகு கோவளம் போக வாய்க்கவில்லை. வண்டியின் டேங்கைக் கழற்றிக் கழுவிச் சரிசெய்துவிட்டார் தனசிங்கின் மெக்கானிக். ஷரீஃபாவைச் சரிசெய்ய யாராலும் ஆகவில்லை. மூச்சு வாங்குவது அதிகமாகிக்கொண்டே போனது. அயூப் அதன் பிறகு அவளிடம் ஒரு தடவைகூட ரெண்டு நிமிஷம் என்று சொல்லவில்லை. ஊசி குத்தும்போது, "வலிக்கும், நான் இங்கதான் கீறேன்" என்பார். அவள் தலையாட்டுவாள்.

ரமலானில் பதினேழாம் நோன்பு. புதன்கிழமை. அயூப் நோன்போடுதான் அவளைக் கூட்டிப்போனார். டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்ததும் அவள் சீட்டைச் சாய்த்துப் படுத்தாள். "நோன்பு வச்சிக்கினு வெயில்ல ஓட்டறீங்க, மெதுவாப் போங்க," என்றாள். மேடவாக்கம் தாண்டும்போது தூங்கிவிட்டாள். வேங்கைவாசலில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. அவள் முகம் சுளிக்கவில்லை. நல்ல தூக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் நிறுத்தி, சாவியைத் திருப்பினார். தடதடப்பு நின்றது.

அவள் "வந்துட்டமா?" என்று கேட்கவில்லை.

அயூப் சாவியைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சாவியை மறுபடியும் முன்னால் திருகினார். எஞ்சின் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டு வெளியே வந்த ஆஃபியா, "அத்தா, வந்துட்டு ஏன் வண்டிய அணைக்காம இருக்கீங்க?" என்று கேட்டபடி கதவைத் திறக்க வந்தாள். அவள் கிட்டே வரும்வரை அவர் அதை நிறுத்தவில்லை.

இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நாம் எல்லாரும் அவனுக்கு உரியவர்கள், அவனிடமே திரும்பிப் போகிறவர்கள்.

*

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த பிறகு அயூப் காரைத் தனசிங்கிடம் கொண்டுபோனார். ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் வீணாகிவிடும் என்று அவர்தானே சொன்னார். ஓட்டி எங்கே போவது என்று தெரியவில்லை.

தனசிங் உள்ளே குனிந்து மீட்டரைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "இன்னா பாய் இது? வாங்கிக்கினு போயி மூவாயிரத்துச் சொச்சம்தான் ஓடியிருக்கு. தெனமும் சிறுசேரின்னீங்க. பன்னெண்டாயிரமாவது ஓடியிருக்கணுமே? மீட்டர்ல கை வச்சீங்களா?"

"இல்லண்ணா. சிறுசேரிக்கு ஒரே ஒரு நாள்தான் போச்சு," என்று சொல்லி, அயூப் எல்லாவற்றையும் சொன்னார். கோவிலம்பாக்கம், டாக்டர், வராந்தா. தனசிங் நின்றுகொண்டே கேட்டார். அன்று ஷரீஃபா உட்கார்ந்திருந்த அதே பிளாஸ்டிக் நாற்காலி ஃபேனுக்கு எதிரே காலியாகக் கிடந்தது.

"அன்னிக்கே உண்மையச் சொல்லியிருந்தீங்கன்னா நான் பெட்ரோல் வண்டிதானே பாய் குடுத்திருப்பேன்."

"தெரியும்ணா. அதான் சொல்லல."

தனசிங் தலை குனிந்தார். "ஆண்டவர் பாத்துக்குவாரு பாய்," என்றார். அப்புறம் வண்டியைச் சுற்றி வந்து, சாய்ந்தே இருந்த பக்கத்துச் சீட்டை நிமிர்த்தப் போனார். அயூப் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். சீட்டு டக்கென்று நிமிரும் சத்தம் கேட்டது.

மறுநாள் வழக்கம்போல வேனில் வேலைக்குப் போனார். சாயங்காலம் நாலு மணிக்கு, கண்ணாடிக் கட்டடத்தில் மூன்றாவது லிஃப்ட் ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண் தனியாக மாட்டிக்கொண்டிருந்தாள். கூட வேலை பார்க்கிற சிவகுமார் மேலே மெஷின் ரூமுக்கு ஓடினார். அயூப் எட்டாம் மாடிக்குப் போய்க் கதவண்டை குனிந்தார்.

"வெளிய யாராவது இருக்கீங்களா?" அழுகிற குரல்.

"இருக்கேம்மா. மெக்கானிக்."

"எவ்ளோ நேரம் ஆகும் அண்ணா?"

அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷத்துப் பழக்கம். அயூப் வாயை மூடி அதை விழுங்கினார்.

"ப்ளீஸ் அண்ணா, நிஜமா சொல்லுங்க."

"தெரியலம்மா," என்றார். "அர மணி ஆனாலும் ஆவும். ஆனா நான் எங்கயும் போக மாட்டேன். இங்கயேதான் கீறேன்."

உள்ளே அழுகை கொஞ்சம் நின்றது. "உக்காந்திருக்கீங்களா, நிக்கிறீங்களா?" என்று அந்தக் குரல் கேட்டது.

"இதோ, உக்காந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு அயூப் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்.